தூ டுக்கில் ஒரு பசுவை விரட்டப் போய்

சைகோனில் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு வாங்கும் வேலை முன்னதாகவே முடிந்துவிட்டது. காரைக்காலுக்குக் கப்பல் சனிக்கிழமைதான். அறையில் சும்மா உட்கார என்னால் ஆகாது. பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தூ டுக் என்ற ஊரைப் பார்த்துவிட்டு வரலாமென்று வியாழக்கிழமை காலை ஏழு மணி ரயிலைப் பிடித்தேன். மூன்றாம் வகுப்பு, பதினைந்து சென்ட், முக்கால் மணி நேரம்.

ரயிலடியிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்திருப்பேன். வயல் நடுவே குறுகலான பாதையை மறித்து ஒரு பசு நின்றது. கையை வீசி, "போ! போ!" என்றேன். அவ்வளவுதான். வயலிலிருந்த காவல்காரர் கையிலிருந்த குடைந்த மரக்கட்டையைத் தடதடவென்று தட்டினார். நாலாபக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்து என் கைகளைக் கட்டிவிட்டார்கள். அந்த மாதம் மட்டும் அங்கே நாலு மாடு களவு போயிருந்ததாம், எனக்கெப்படித் தெரியும்?

ஊர்ச் சபை மண்டபத்தில், ஊர்க்காவல் பெரியவர் முன்னால் உட்கார வைத்தார்கள். கப்பல் போச்சு, நானில்லாமலே கல்யாணம் நடக்கப்போகிறது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒருவரும் அடிக்கவில்லை. பிடிபட்டவனை ஊரார் தண்டிக்கக் கூடாது, அந்தப் பெரியவர் இல்லாமல் போலீஸ் யாரையும் கொண்டுபோகக் கூடாது என்று ஊராரும் போலீசும் பேசி வைத்திருந்தார்களாம். ஒன்பதரைக்குப் போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். சவரிமுத்து, பிரெஞ்சுக்காரர் போலீசில் சேர்ந்து இங்கே வந்த நம் திருநள்ளாற்றுக்காரர். போன உயிர் திரும்பி வந்தது.

"பொன்ழூர் மிசே," என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். "மாட்டப் பாத்து என்னா சொன்னீங்க?"

"போன்னுதாங்க சொன்னேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இவுங்க பாஷையில போன்னா மாடுங்க! மாடு, மாடுன்னு கூப்ட்டிருக்கீங்க!"

தமிழில் 'போ' என்றால் கிளம்பு என்று அர்த்தமென சவரிமுத்து எடுத்துச் சொல்லியும் பெரியவர் லேசில் நம்பவில்லை. பசுவை மண்டபத்து வாசலுக்கு ஓட்டிவரச் செய்து, என் கைக்கட்டை அவிழ்த்து, மறுபடி சொல்லும்படி சைகை காட்டினார். "போ" என்றேன். பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது. உரக்கச் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியவர் ஏதோ சொல்ல, கூட்டமே சிரித்தது.

"மாடே மதிக்காத ஆளு எப்புடித் திருடுவாருன்னு கேக்குறாருங்க," என்றார் சவரிமுத்து.

பெரியவரும் சவரிமுத்துவும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு என்னை விட்டார்கள். தேநீரும் கொடுத்தார்கள். இவர்கள் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்!

இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதலில் ஊர்ச் சபை மண்டபத்தில் தலையைக் காட்டிவிடுங்கள். சைகோனில் இறங்கும்போது கொடுக்கும் அனுமதிச் சீட்டு கையிலேயே இருக்கட்டும். மாடு மறித்தால் வாயைத் திறக்காமல் சுற்றிப் போங்கள். திரும்பும் ரயில் பதினொன்றே காலுக்கு.

நான் கிளம்பும்போது பெரியவர் என் தோளைத் தட்டி, அன்றுதான் கற்ற தமிழில் வாஞ்சையாக, "போ, போ" என்றார்.

நான் திடுக்கிட்டு, மாடு எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.