இன்னொருவரின் ஏப்பம்

பேயை நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமலே படிக்கலாம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டே படிக்க மட்டும் வேண்டாம்.

ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கூட இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சோடா’. காரணம் சொல்லத் தேவையில்லை. பணியில் முதுகு போனது. வலிக்கு ராணுவ டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வருஷக்கணக்கில் முழுங்கியதில் வயிறும் போனது. எதைத் தின்றாலும் எதுக்களிக்கும். புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும், பல்லை அரிக்கும், சில நேரம் மூக்கு வழியாகக்கூட வரும். விடிந்தால் தலையணை நனைந்திருக்கும். மனைவி முகம் சுளிக்காமல் உறையை மாற்றுவாள். அவள் சுளிக்காததுதான் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

இந்த வயிற்றுக்காக ஊன பென்ஷன் கேட்டார். இரண்டு தடவை தள்ளுபடி. கடைசி அப்பீல் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் அவரையும் வீட்டையும் சேர்த்து மனைவியின் தையல் வேலைதான் இழுக்க வேண்டும். அவளுக்கோ கண் மங்க ஆரம்பித்திருந்தது.

மெடிக்கல் போர்டு டாக்டர் அவர் முகத்தையே பார்க்கவில்லை. பல் குத்திக்கொண்டே பேசினார். குத்தி எடுத்ததை நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

“நெஞ்செரிச்சல் யாருக்குத்தான் இல்ல? எனக்கும்தான் இருக்கு. ஆதாரம் கொண்டா.”

ஆதாரம் என்பது ஒரு நாள் பரிசோதனை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் இறக்குவார்கள். இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, குழாயை அதோடு இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அமிலம் மேலே ஏறினால் பெட்டி பதிந்துகொள்ளும். எரிந்தால் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். படுத்தால் நீலப் பட்டன். அமுக்கியதும் விளக்கு எரிந்து ‘பீப்’ என்று சத்தம் வரும்.

“வழக்கம்போல சாப்பிடுங்க, வழக்கம்போல இருங்க. அவ்வளவுதான் சார்,” என்றாள் மாட்டிவிட்ட லேப் பெண்.

பெட்டியைக் கட்டிய பெல்ட்டில் கெட்டுப்போன பால் நாற்றம் அடித்தது. தன் நாற்றம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி வேலைக்குப் போன பிறகு, வயிற்றுக்கு ஆகாததையெல்லாம் தேடித் தேடித் தின்றார். வறுத்த கறி, ஊறுகாய், அதன் மேல் இரண்டு டம்ளர் காபி. ஒன்றும் ஆகவில்லை. விருந்தாளி முன்னால் பாட மறுக்கும் குழந்தை மாதிரி வயிறு கம்மென்று கிடந்தது. இத்தனை வருஷம் மானத்தை வாங்கிய வயிறு, தேவைப்பட்ட அன்றைக்குக் காலை வாரிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

பீப்.

குனிந்து பார்த்தார். நீல விளக்கு எரிந்தது. அவர் படுத்திருப்பதாகப் பெட்டி சொன்னது. அவர் கைகள் இரண்டும் நாற்காலியின் பிடியில் இருந்தன. மணி இரண்டே கால்.

படுக்கையறையில் கட்டில் கிரீச்சிட்டது.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

பிறகு ஓர் ஏப்பம்... நீளமாக, ஈரமாக, அடிவயிற்றிலிருந்து எதையோ வழித்துக்கொண்டு வருகிற ஏப்பம். முடிவில் ஒரு சின்ன விக்கல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தார். கட்டிலில் யாரும் இல்லை. காலையில் உறை மாற்றிய தலையணையில் ஒரு தலையின் பள்ளம். அந்தப் பள்ளத்தில் மஞ்சளாக, நூல் நூலாக ஏதோ தேங்கியிருந்தது. அதிலிருந்து ஆவி வந்தது.

சோடாவின் தொண்டைக்குள் வெதுவெதுவென்று ஏறியது. அவர் தின்ற கறி இல்லை. காபி இல்லை. வெந்த முட்டைக்கோஸ்... புகையிலை... அவர் வாழ்நாளில் புகையிலையைத் தொட்டதில்லை.

யாரோ மென்று விழுங்கியது அவர் வாயில் இருந்தது.

குழாயைப் பிடுங்கி எறியக் கை போனது. அப்போது காதருகில் ஒரு குரல். சளி கட்டிய குரல்.

“அமுக்குங்க.”

பிடுங்கினால் பரிசோதனை போச்சு. அப்பீல் போச்சு.

“அமுக்குங்க... பதியட்டும்.”

சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

வாயில் இருந்ததை விழுங்கினார்.

மறுபடி ஏறியது...

மறுபடி அமுக்கினார்.

மனைவி வந்து கதவைத் தட்டும்வரை... அப்படியே.

அப்பீல் ஜெயித்தது. போர்டு டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். “இவ்வளவு ஆசிட் ஏறியும் எப்படிய்யா உயிரோட இருக்க?” என்றார்.

அன்றிலிருந்து சோடாவுக்கு எதுக்களிப்பு நின்றுவிட்டது. ஏப்பம்கூடக் கிடையாது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்றாள் மனைவி. அவருக்குத் தன் வாயே அருவருப்பாக இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை பல் தேய்த்தார். நாக்கை ரத்தம் வர வழித்தார்.

பென்ஷன் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போன அன்று, பெஞ்சில் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ராணுவக்காரரின் விதவை. தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

“உங்க கேஸைப் பத்தி கிளார்க் சொன்னார். எங்க வீட்டுக்காரருக்கும் வயித்துக் கோளாறுதான். உங்களுக்கு மாட்டின மாதிரியே மூக்குல குழாய் விட்டு, பெட்டி கட்டி அனுப்பினாங்க. நான் மத்தியானம் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, படுத்த இடத்துலயே எதுக்களிச்சு, மூச்சடைச்சுப் போயிட்டார். பெட்டியில ஒண்ணுமே பதியலைன்னு சொல்லி அப்பீலை மூடிட்டாங்க. நானும் நடையா நடக்கறேன். உங்களுக்குக் கெடைச்சிடுச்சாமே. எப்படிங்க நிரூபிச்சீங்க?”

சோடா பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

ஏப்பம் வந்தது. நீளமாக... ஈரமாக... முடிவில் ஒரு சின்ன விக்கல்.

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சோடாவின் வாயையே பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, பழகிய கையோடு அவருடைய வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

“சாப்பிட்ட உடனே படுக்காதீங்கன்னு சொன்னேன்ல,” என்றார்.