காலியாகத் திரும்பிய டிபன் பாக்ஸ்

மூன்றாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் மகள் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரத்தம் கம்மியா இருக்கும்மா. டானிக் தர்றேன். ஆனா சாப்பாடுதான் முக்கியம். மத்தியானத்துக்கு என்ன கட்டிக் குடுக்கறீங்க?"

தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றிலிருந்து என் காலைகள் மாறிப்போயின. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டிலிருந்து கேழ்வரகும் வேர்க்கடலையும் முருங்கைக்கீரையும் வரும். முருங்கைக்கீரை அடை, பீட்ரூட் சாதம், முளைகட்டிய பயறு, வெல்லம் போட்ட கடலை உருண்டை என்று தினம் ஒன்று செய்வேன். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள் நான். சாப்பாடு கட்டி முடித்த பிறகுதான் மெஷினில் உட்காருவேன்.

சாயங்காலம் டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பும். "எல்லாம் சாப்டியா?" என்று கேட்டால், "சாப்டேம்மா" என்பாள். ஒருநாள், "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். மறுநாளே குறைத்துப் போட்டேன். ருசி பார்த்துச் சாப்பிடுகிறாளே என்று அவ்வளவு சந்தோஷம்.

மாடிப் போர்ஷனில் ஒரு அக்கா குடியிருந்தார். தேரடி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. என் வீட்டுக்காரர் சென்னையில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் எனக்கு எல்லாவற்றுக்கும் அந்த அக்காதான். கடையிலிருந்து வந்ததும் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். "நாளைக்கு என்னம்மா கட்டப்போற?" என்று தவறாமல் கேட்பார். "அடையில கேரட் துருவிப் போட்டுப் பாரு, பசங்களுக்குப் புடிக்கும்" என்பார். போட்டுப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "டானிக் குடுத்தும் பெருசா ஏறலையேம்மா. குடுக்கறதை நிஜமாவே சாப்பிடறாளா?" என்று கேட்டார்.

"பருக்கை மீதி இல்லாம சாப்பிடறா மேடம்" என்றேன்.

பக்கத்தில் இருந்த அக்காவும், "சில பசங்களுக்கு உடம்புவாகே அப்படிங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு, கிரிவலக் கூட்டத்துக்காக ரோடெல்லாம் அடைப்பதற்குள் குழந்தைகளை அழைத்துப் போகும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குக் கடையில் கூட்டம். ரெண்டு பேரையும் நானே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுச் சீக்கிரமே போய்விட்டேன். குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேப்பமரத்தடியில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என் டிபன் பாக்ஸ் அக்கா மகள் மடியில் இருந்தது. அடையைப் பிய்த்துப் பிய்த்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் கையில் அவளுடைய நூடுல்ஸ் டப்பாவும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும். என்னைப் பார்த்ததும் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மற்றவள் மறைக்கவில்லை. "ஆன்ட்டி, தினமும் மாத்திக்கிறோம். எங்கம்மாதான் சொன்னாங்க" என்றாள்.

உப்பு ஜாஸ்தி என்றது எந்த நாக்கு என்று அந்த நிமிஷம் புரிந்தது.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"பசங்க சாப்பாட்டை மாத்திக்கறது உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்" என்றார். "மொத நாளே உன் பொண்ணு கீரையைக் கொட்டப் போயிட்டாளாம். வீணாப் போறதுக்குப் பதிலா நீ சாப்புடுன்னு எம்பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"சொன்னா நீ அவளை அடிப்ப." ஒரு சட்டையை மடித்து வைத்தார். பிறகு குரல் இறங்கியது. "சொன்னா எம்பொண்ணுக்கு இந்தச் சாப்பாடு நின்னுடுமோன்னு இருந்துச்சும்மா. நான் கடைக்கு ஓடறவ. என்னால இதெல்லாம் செய்ய முடியுமா? உன் சாப்பாட்டுலதான் எம்பொண்ணு தேறினா."

"டாக்டர் கேட்டப்போ என் பக்கத்துலதானே இருந்தீங்க."

அக்கா அடுத்த துணியை எடுத்தார்.

என் சாப்பாட்டை இன்னொரு குழந்தை சாப்பிட்டதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டிருந்தால் ரெண்டு பாக்ஸாகக் கட்டியிருப்பேன். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாரே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

மகளை அடிக்கவில்லை. "ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டேன். "புடிக்கலைன்னு சொன்னா நீ அழுவியேம்மா" என்றாள். அவளும் என்னை ஏமாற்றியவள்தான். ஆனால் அவளோடு உட்கார்ந்து பேச முடிந்தது. முட்டை பிடிக்கும், கறிவேப்பிலைப் பொடி போட்டுப் பிசைந்த சாதம் பிடிக்கும், கீரையைத் தோசை மாவோடு அரைத்துவிட்டால் தெரியாது என்று அவளே சொன்னாள். அதைத்தான் இப்போது கட்டுகிறேன். சில நாள் பாக்ஸில் மீதி வருகிறது. மீதி வந்தால் நிம்மதியாக இருக்கிறது.

அக்கா இன்னமும் மாடியில்தான் இருக்கிறார். மோட்டார் போடவா, கேட் பூட்டியாச்சா என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். டீக்கு வருவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் நானும் மகளும் மட்டும் போனோம். ரத்தம் ஏறியிருந்தது. வெளியே வந்ததும் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன், விரல் தானாக அக்கா நம்பருக்குப் போய் நின்றது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.