தோற்ற படைக்குச் சட்டை தைத்தவர்

என் அம்மாவின் மூத்த தமக்கை ஐறீன், வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கன்னியர் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். அங்கே தமிழ் வகுப்பும் உண்டு, சிங்கள வகுப்பும் உண்டு. பிரிட்டிஷ் பேரரசைப் போற்றும் எம்பயர் டே கொண்டாட்டத்துக்குச் சரித்திரப் புத்தகத்தில் உள்ள போரை நாடகமாகப் போடுவார்கள். வெல்லும் அரசனும் படையும் சிங்கள வகுப்பு. கடல் கடந்து வந்து, தோற்று ஓடும் படை தமிழ் வகுப்பு. வருசா வருசம் அதேதான்.

ஒருமுறை தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பெரியம்மாவைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். "டீச்சர், போன வருசமும் நாங்கள்தானே செத்தது! இந்த முறை எங்களை வெல்ல விடுங்கோ."

பெரியம்மா தலைமைக் கன்னியரிடம் போனார். அவரும் தமிழ்தான்.

"மதர், ரெண்டு வகுப்பையும் கலந்து விடுவம். ஆர் அரசன் எண்டு சீட்டுப் போட்டு எடுப்பம்."

"புத்தகத்தில அப்பிடி இல்லையே, ஐறீன். இன்ஸ்பெக்டரும் பாக்க வருவார்."

"எங்கட அப்பு ஹாபரில கப்பல் மூட்டை தூக்கினவர், மதர். அவர் ஆரோட சண்டைக்கு வந்தவர்?"

மதருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனம் மாறவில்லை. பிள்ளைகளைக் கிளப்பி விடுகிறார் என்று அடுத்த தவணையே பெரியம்மாவிடமிருந்து சரித்திரத்தைப் பறித்து, தையல் வகுப்பைக் கொடுத்துவிட்டார்.

பிறகு எம்பயர் டே கிட்ட வந்தால், தோற்று ஓடும் படைக்கு உடுப்புத் தைக்கும் வேலையும் பெரியம்மாவின் தலையில்தான் விழும்.

"இந்தச் சட்டையளுக்குப் பொக்கற் தேவையில்லையாம், மதர் சொல்லிப்போட்டா. ஓடேக்க என்னத்தைக் கொண்டுபோறது?" என்று வீட்டில் மெஷினை மிதித்தபடி, சின்னப் பிள்ளைகளான எங்கள் மேல் எரிந்து விழுவார்.