நடுக்கடலில் ஓடிய சீனத்துப் பெண்

கடலைக் கடந்து ஆள் ஏற்றும் மூதூர் லாஞ்சியின் ட்ரைவர் அபூதாஹிர் கண்ணால் கண்ட சீனா, ஊர்ப்பக்கத்துச் சீனக்குடா மட்டும்தான். ஆனாலும் திருகோணமலை இறங்குதுறையில் நின்று ‘பீக்கிங் தாஹிர்’ எங்கே என்று கேட்டால் போதும், மீன் பெட்டி சுமக்கிறவர் முதல் தபால்காரர் வரை அவருடைய லாஞ்சியைக் கைகாட்டி விடுவார்கள்.

பெயர் வந்ததற்கு ஒரு றேடியோதான் காரணம். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியபோது, அங்கே பட்டறையில் எஞ்சின் வேலை பழகிக்கொண்டிருந்த அபூதாஹிருக்கும் சேர்த்து வேலை போனது. அந்தப் பட்டறை அவருக்கு விட்டுப்போனவை இரண்டு: எஞ்சினின் இருமலைக் கேட்டே அதன் நோயைச் சொல்கிற காது ஒன்று, ஒரு துரை கழித்துவிட்டுப் போன வால்வு றேடியோ ஒன்று. காதை வைத்து மூதூர் லாஞ்சியில் வேலை பிடித்தார். றேடியோவை மின்சாரத்துக்கு லாஞ்சியின் பழைய பெற்றறியில் பூட்டி, வீட்டு அலுமாரிக்கு மேல் வைத்தார். அறுபதுகளில் ஒரு மாலை முள்ளைத் திருகிக்கொண்டு போகையில், ஒரு சீனத்துப் பெண் நல்ல புத்தகத் தமிழில் வணக்கம் சொன்னாள். மனுசன் அன்றைக்கே விழுந்துவிட்டார்.

பீக்கிங் வானொலியில் அரசியல் வந்தால் அவர் பீடி பற்ற வைப்பார். விளையாட்டுச் செய்தி வந்தால் பீடி விரலைச் சுட்டாலும் தெரியாது. சீனத்துக்காரர் குண்டு எறிந்ததும், உயரம் பாய்ந்ததும், ‘நட்பே முதல், போட்டி பிறகு’ என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் மறுநாள் காலை லாஞ்சியில் ஒன்றுக்கு மூன்றாக வெளிவரும்.

இதில் வெறும் வாய்ச்சவடால் மட்டும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது, தொழிலும் இருந்தது. மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையிலுள்ள கொட்டியாரக் குடாவின் நடுவில் ஓர் இடம் உண்டு. வெளிக்கடலின் அலை அங்கே தடையில்லாமல் வந்து லாஞ்சியைப் பக்கவாட்டில் தூக்கும். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓரத்துக்கு ஓடினால் மற்றவர்களுக்கும் குமட்டத் தொடங்கும். கதை சூடாக இருந்தால் ஒருவருக்கும் வயிற்றின் நினைவு வராது. அதனால் அபூதாஹிர் தன் கதையைத் துறையிலேயே தொடங்கி, அந்த அலைக்கு நேரே வரும்போது உச்சத்துக்குக் கொண்டுவருவார். ஓட்டக்காரர் கடைசிச் சுற்றில் முந்துவதும் லாஞ்சி எழும்பி விழுவதும் ஒன்றாக நடக்கும். வாந்தி எடுக்காமல் அக்கரை சேர்ந்தவர்கள், அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று அழைப்பவர்கள், தாஹிர் காக்காவின் கைராசி என்றார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு மே மாதக் கடைசியில் டோக்கியோவில் ஓட்டம், பாய்ச்சல், எறிதல் என்று ஆசிய நாடுகளின் மெய்வல்லுநர் போட்டி தொடங்கியது. முதல் நாள் செய்தி நன்றாகக் கேட்டது. மறுநாள் மாலை றேடியோ ஒருமுறை கொறட்டை விட்டு அடங்கியது. வால்வு எரிந்துபோயிருந்தது. கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று திருகோணமலை டவுண் கடைக்காரர் கையை விரித்தார்.

அடுத்த நாள் காலை லாஞ்சி நிரம்பியிருந்தது. மூதூர்ப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் இரண்டு பேர், நெல்லு வியாபாரிகள், புத்தகப் பையோடு டவுணுக்குப் படிக்கப் போகிறவர்கள் எல்லோரும் சுக்கானுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் காத்திருந்தார்கள். றேடியோ பழுது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் இத்தனை வருசம் ராசாவாக இருந்த மனுசனுக்கு ஒரு நாள் பிச்சைக்காரனாக நிற்கப் பிடிக்கவில்லை. அலையும் கிட்ட வந்துகொண்டிருந்தது.

“நேத்து ஒரு புள்ள ஓடிச்சிது பாருங்க” என்று தொடங்கினார்.

பெயர் கேட்டபோது லின் மேய் என்றார். நீண்ட தூரம் ஓடுகிறவள். ஓட்டத்துக்கு முதல்நாள் அவளுடைய கணுக்கால் வீங்கிவிட்டது. பயிற்சியாளர் ஓடவேண்டாம் என்று தடுத்தார். அவள் பேசாமல் ஒரு சீலைத்துண்டைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டினாள், ஓடினாள், கடைசியாளாக இருந்து ஒவ்வொருத்தியாக முந்தினாள். லாஞ்சி எழும்பி விழுந்தபோது லின் மேய் கயிற்றை நெஞ்சால் அறுத்தாள். ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. ஓர் ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அபூதாஹிர் கண்டார். வீட்டில் சொன்னபோது அவருடைய மனைவி றுக்கியா செத்துக் கிடந்த றேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சோறு போட்டாள்.

அந்தக் காலை லாஞ்சியில் ஸல்ஹாவும் இருந்தாள். மூதூரில் அவளைப்போல ஓட அப்போது ஒரு பிள்ளையும் இல்லை. பொம்பிளைப் பிள்ளை மைதானத்தில் ஓடுவதா என்று ஊர் வாயைத் திறந்தபோது, அவளுடைய தாய் ஆமினா உம்மா நீளக் காற்சட்டையும் தலைக்கு முக்காடும் தைத்துக் கொடுத்து ஊரின் வாயை அடைத்தாள். பயிற்சிக்காக டவுணுக்குத் தனியே அனுப்புகிறாயே என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. தாஹிர் தம்பி லாஞ்சியில் இருக்கிறார்தானே, பிறகென்ன பயம் என்பாள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மாவட்டப் போட்டி. வென்றால் கொழும்புக்குப் போகலாம். போட்டிக்குப் புறப்பட்ட அன்று ஸல்ஹா ஒரு காலைச் சற்று இழுத்து வைத்து லாஞ்சியில் ஏறினாள். கணுக்கால் வீங்கியிருந்தது. கூட வந்த ஆசிரியை ஓடாதே என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸல்ஹா எழுந்து சுக்கானடிக்கு வந்தாள்.

“மாமா, அந்தச் சீனத்து ராத்தா சீலையாலதானே காலைக் கட்டிற்று ஓடின?”

லாஞ்சி நிறைய ஆட்கள். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கண்ணைத் துடைத்த ஆசிரியரும் இருந்தார்.

“ஓம்” என்று தலையாட்டினார் அபூதாஹிர்.

ஒரே ஒரு சொல். முதலில் சொன்ன பொய்யையாவது அலை கேட்டது, கடல் கேட்டது என்று சாட்டுச் சொல்லலாம். இந்த ‘ஓம்’ அவருடைய சொந்தச் சொத்து. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டது இன்னொருத்தி.

ஸல்ஹா தன் கைலேஞ்சித் துணியால் கணுக்காலைக் கட்டிக்கொண்டு ஓடினாள். பாதித் தூரம்வரை முன்னுக்குத்தான் ஓடினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் கயிற்றுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்தியது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில் தாயும் மகளும் அபூதாஹிரின் லாஞ்சியில்தான் போனார்கள். ஆமினா உம்மா ஒரு தரம்கூட அவரைக் குறை சொல்லவில்லை. மகளை ஏற்றி இறக்கக் கைகொடுத்ததற்கு அல்லாஹ் உங்களுக்குக் குறை வைக்கமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போவாள். அதைக் கேட்க அபூதாஹிருக்கு உடம்பு கூசும். திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

சொல்லிவிடுங்கள் என்று றுக்கியா ஒரேயொரு முறை வாய்திறந்து சொன்னாள். நாளைக்கு என்றார். அந்த நாளை வரவேயில்லை. கொழும்பிலிருந்து வால்வு வந்தது, றேடியோ பாடியது, அவர் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். லாஞ்சியில் சீனத்துக் கதையும் நின்றுபோனது. நடு அலையில் ஆட்கள் மறுபடி வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். தாஹிர் காக்காவுக்கு வயசு போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் வாளியில் கடல்நீர் மொண்டு பலகையைக் கழுவினார். தனக்கு இது வேண்டும் என்று நினைத்தே கழுவினார்.

எண்பத்திரண்டில் ஸல்ஹா படித்த பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனாள். விளையாட்டுப் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்கள். தன்னால் ஓட ஏலாதென்றாலும் ஓடவைக்கத் தெரிந்திருந்தது. அந்த வருசப் போட்டிக்கு அவள் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளில் நஜ்முன் நிஸா என்ற ஒருத்தி, மெலிந்தவள், துறையில் லாஞ்சிக்குள் கால் வைக்கும்போதே முகத்தைச் சுளித்தாள். அபூதாஹிரின் கண் தானாகவே அவள் காலுக்குப் போனது. கணுக்காலில் ஒரு சீலைத்துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

கண்ணை எடுத்து எஞ்சினைக் கிளப்பினார். நடு அலைக்குக் கொஞ்சம் முன்னால் ஸல்ஹா அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்து, நொண்டி நொண்டிச் சுக்கானடிக்குக் கூட்டிவந்தாள்.

“இவ பயப்பிடுறா மாமா. லின் மேய்ட கதைய நான் எங்கட புள்ளைகளுக்கு எப்பவும் சொல்லுவன். ஒங்கட வாயால இவக்கும் ஒருக்காச் சொல்லுங்க.”

லின் மேய். அவரே மறந்துபோன பெயர். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் ஒரு பிள்ளையின் காலை வாங்கிக்கொண்டு மூன்று வருசமாக மூதூரில் நடந்திருக்கிறது, இப்போது அடுத்த காலைக் கேட்டு அவருடைய லாஞ்சியிலேயே ஏறியிருக்கிறது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை மகள், நான் கட்டிவிட்ட கதை அது என்று சொல்ல வாயைத் திறந்தார். எதிரே ஸல்ஹாவின் கோணல் கால் நின்றது. இல்லாத ஒருத்தியை நம்பியா இந்தக் கால் போனது என்று அவள் கேட்டால், எந்த முகத்தோடு நிற்பது? நாக்கு பாதி வழியில் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“அவ ஓடினதுதான். வென்றதும் மெய்தான். ஆனா பிறகு நடந்தத நான் சொல்லல்ல” என்றார். “அந்தக் கால் பிறகு சரிவரல்ல. பீக்கிங் றேடியோவில பின்னாளில சொன்னவங்க. அவ திரும்ப ஓடவேயில்ல. நொண்டித்தான் நடக்கிறாவாம். ஓடாத, மகள். இன்டைக்கு ஓடாத. கால் இருந்தா வாற வருசமும் ஓடலாம்.”

லாஞ்சி எழும்பி விழுந்தது. நஜ்முன் நிஸா அவரையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பலகையில் குந்தி, கட்டை மெல்ல அவிழ்க்கத் தொடங்கினாள். உள்ளே கணுக்கால் உருண்டு, கன்றிப்போய் இருந்தது. அபூதாஹிருக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. இந்த ஒரு காலாவது தப்பியது.

ஸல்ஹா மட்டும் அசையவில்லை. இதை ஏன் எனக்கு அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறாள், கேட்கட்டும், இந்த முறை உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று அபூதாஹிர் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். முகத்தில் பல நாள் சுமையை இறக்கி வைத்தவளின் களை இருந்தது.

“அப்ப அவவும் என்னப் போலதானா?” என்றாள். “நான் இத்தின வருசமும் வெக்கத்தோட இருந்தன் மாமா. அதே வீக்கம், அதே கட்டு. அவ ஓடி முடிச்சிட்டா, எனக்கு முடிக்க ஏலாமப் போச்சு, எண்ட மனசுதான் பலமில்ல எண்டு நினைச்சன். உம்மாட்டக்கூடச் சொல்லல்ல.”

கால் ஒன்றைத்தான் கெடுத்தோம் என்று அபூதாஹிர் இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்தார். இந்தப் பிள்ளை இல்லாத ஒருத்தியோடு மனசுக்குள் ஓடி ஓடி, ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. இப்போது உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கிடைத்த இந்த ஓர் ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் மரணம் வரைக்கும் இதை அவரே சுமக்கவேண்டும்.

அலை கடந்து, துறை தெரியத் தொடங்கியது. ஸல்ஹா அவருக்குப் பக்கத்தில், எஞ்சின் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

“பாவம் லின் மேய்” என்றாள். “இனி ஐந்து நேரத் தொழுகையிலயும் அவக்காகவும் துஆக் கேப்பன்.”

எனக்காகவும் ஒருக்கால் கேள் மகள் என்று சொல்ல அபூதாஹிருக்கு ஆசையாக இருந்தது. எஞ்சினைத் தணித்து, லாஞ்சியைத் துறையில் அணைத்து, முதலில் ஸல்ஹாவுக்கும் பிறகு நஜ்முன் நிஸாவுக்கும் கைகொடுத்து இறக்கிவிட்டார்.