அம்பிகைபாகன் திருத்திய கடிதம்

அம்பிகைபாகன் எங்கள் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தார். அத்தனை வருடத்தில் ஒரு தாளைக்கூடத் தொலைத்ததில்லை. இதை அவரே தினமும் இரண்டு தடவையாவது சொல்லிக்கொள்வார் என்பதால் எனக்கு மனப்பாடம்.

நான் ஷாஹிரா. லெபோ பந்தாய் தெருவில் ஒரு மாடிமேல் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எட்டு வருடமாக வழக்கறிஞர். நான் சேர்ந்த முதல் நாளே என் மேசைமேல் கிடந்த காகிதங்களைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது மேசையா பசாரா?" என்று கேட்டவர் அவர். ஆயர் ஈத்தாமிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து எட்டு மணிக்கு முன்பே கதவைத் திறந்துவிடுவார். அப்பா குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த தாத்தாவும் குமாஸ்தா. பேனா பிடித்த பரம்பரை என்ற பெருமை அவருக்கு உண்டு. சமயத்தில் அது தாங்க முடியாத அளவுக்குப் போகும்.

காகிதத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எந்தப் பத்திரம் வந்தாலும் முத்திரை குத்துவார், துளை போடுவார், எண் கொடுப்பார். கையெழுத்து புரியாவிட்டால் சுத்தமாகத் தட்டச்சு செய்து முன்னால் வைப்பார். ஒரு பத்திரத்துக்கு இரண்டு பிரதி இருந்தால் அதிகப்படியானதைக் கிழித்துப் போட்டுவிடுவார். "ரெண்டு பிரதி இருந்தா ரெண்டு சண்ட வரும் மிஸ்," என்பார். காகிதம் மட்டுமே இருந்த காலத்தில் அந்த முறையால் எங்கள் அலுவலகம் எத்தனையோ வழக்குகளில் தலை தப்பியிருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹக்கீமின் வழக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். சரக்கு லிஃப்ட் பழுதுபார்ப்பவர், சொந்தத் தொழில், வீடு சுங்கை பாக்காப்பில். ஜுருவில் கார் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கிடங்கின் லிஃப்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 'இரும்பு வடம் தேய்ந்துவிட்டது, மாற்றும்வரை ஓட்டாதீர்கள்' என்று மார்ச் மூன்றாம் தேதி கடிதம் எழுதினார். வீட்டு லேப்டாப்பில் அடித்து, கடையில் அச்செடுத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ஈமெயில் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. கையில் கொடுத்தால்தான் மரியாதை என்று நினைக்கிற மனிதர். மூன்று வாரம் கழித்து, லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உடனே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனார். அவர் உள்ளே இருக்கும்போதே வடம் அறுந்தது.

கிடங்குக்காரர்கள் இரண்டே வரியில் பதில் சொன்னார்கள். கடிதம் எதுவும் வரவில்லை. ஹக்கீம் செய்த வேலை அரைகுறை, அதனால்தான் விபத்து.

மனைவி சலேஹா அப்போது, கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. அதனால் அம்பிகைபாகன் படகேறி அக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடித்து சுங்கை பாக்காப்புக்குப் போனார். சலேஹா அறைக் கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாராம்.

"அண்ணே, இழப்பீடு கெடைக்குதா இல்லியா, அது அல்லாஹ் விட்ட வழி. அவரு அரகொறயா வேல செஞ்சு செத்தாருன்னு மட்டும் எழுத விட்றாதீங்க. எம்புள்ளைங்க அத படிக்கக் கூடாது."

அம்பிகைபாகன் லேப்டாப்பைத் திறந்து கடிதத்தைக் கண்டுபிடித்தார். அலுவலகத்தின் ஒரே பென் டிரைவில் நகலெடுத்தார். "எடுத்தாச்சும்மா. இனிமே இந்தக் கம்ப்யூட்டர் தேவப்படாது," என்று சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் என்னிடமும் அதையேதான் சொன்னார். நான் தலையாட்டினேன். என்ன எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. அவர் தாளைத் தொலைக்காதவர் ஆயிற்றே என்ற நினைப்பு.

ஹக்கீமுக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வந்தது. இறந்தவரின் பொருள்களில் நல்லதாக இருப்பதை நாலு பேருக்கு உபயோகப்படும்படி சதக்காவாகக் கொடுப்பது வழக்கம். ஹக்கீமின் சட்டைகள் பள்ளிவாசலுக்குப் போயின. லேப்டாப் பக்கத்து மதரஸாவுக்குப் போனது. ஆவி பிரிந்தவருக்கு நன்மை போய்ச் சேரட்டும் என்று சலேஹா மனதாரக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒரு வருடம் வழக்கு நகர்ந்தது. எங்கள் ஆவணப் பட்டியலில் கடிதத்தின் அச்சுப் பிரதி இருந்தது. அழகான பிரதி. திடீரென்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு கடிதம் அனுப்பினார்: அச்சுப் பிரதி போதாது, கோப்பையே கொடுங்கள், எந்த மாற்றமும் இல்லாமல், அதன் மெட்டாடேட்டாவோடு.

அதே வாரம்தான் நான் மின்னணு ஆவணங்கள் பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். கையில் சொற்பட்டியல் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை அம்பிகைபாகனிடம் நீட்டி, "அங்கிள், இதெல்லாம் இனிமே நமக்குத் தெரிஞ்சிருக்கணுமாம்," என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். புது வார்த்தை என்றால் அவருக்குப் பால்பாயசம்.

"கஸ்டோடியன்?"

"கோப்பு யார் கையில இருந்துச்சோ அவங்க. நம்ம கேஸ்ல ஹக்கீம்."

"இமேஜ்?"

"ஹார்ட் டிஸ்க்க முழுசா, ஒரு எழுத்துக்கூட விடாம அப்படியே படியெடுக்கிறது. அழிச்ச கோப்புங்க இருந்த எடத்தையும் சேத்து."

"அழிச்சது எப்படி மிஸ் இருக்கும்?"

"டிலீட் பண்ணா உடனே போயிடாது அங்கிள். எடம் காலின்னு மட்டும் கம்ப்யூட்டர் குறிச்சுக்கும். வேற ஒண்ணு வந்து அதுமேல எழுதுற வரைக்கும் பழசு அங்கதான் கெடக்கும்."

"ஹேஷ்?"

"கோப்போட கைரேகை. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிடும்."

ஒவ்வொன்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். மெட்டாடேட்டா என்பதற்கு வந்தோம். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அல்ல, அந்தக் கோப்பைப் பற்றியே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் விவரம் என்றேன். யார் உருவாக்கியது, எந்த நாள், எத்தனை மணிக்கு, கடைசியாகத் தொட்டது யார். கடிதத்தில் மார்ச் மூன்று என்று யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், கோப்பு மார்ச் மூன்றில் பிறந்தது என்று மெட்டாடேட்டா சொன்னால்தான் நம் பேச்சு நிற்கும் என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"மிஸ், நான் அத நம்ம ஃபார்மெட்ல போட்டேனே."

"எத?"

"லெட்டர. அவரு ஏனோதானோன்னு எழுதியிருந்தாரு. ஒரே பத்தி. கோர்ட்டுக்குக் குடுக்க முடியுமா? நம்ம வெறும் ஃபார்ம தொறந்து, தலைப்பு போட்டு, நம்பர் குடுத்து, விஷயத்த ஒழுங்கா மூணு பத்தியா அடிச்சு சேவ் பண்ணேன்."

"பழச?"

"ரெண்டு பிரதி எதுக்குன்னு அழிச்சுட்டு..."

பென் டிரைவைத் தேடி எடுத்தேன். அதில் அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகள் ஏறி இறங்கியிருந்தன. அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த கோப்பின் விவரத்தைத் திறந்தேன். உருவாக்கியவர்: அம்பிகைபாகன். உருவான நாள்: ஏப்ரல் பதினாறு. ஹக்கீம் இறந்தது மார்ச் இருபத்து நான்கு.

எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. பாதிக் கோபம் என்மேல். அந்தப் பாதியையும் சேர்த்து அவர்மேலேயே கொட்டினேன்.

லேப்டாப்பையாவது பிடிக்கலாம் என்று ஓடினோம். மதரஸாக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார்கள். வாங்கியவுடனே எல்லாவற்றையும் துடைத்துப் புது விண்டோஸ் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் குர்ஆன் ஓதுவதை ஒரு வருடமாக அதில்தான் வீடியோ எடுத்துச் சேர்த்து வந்திருக்கிறார்கள். அழிந்த கோப்புகளை மீட்கும் வேலையில் பழுத்த ஹைக்கல் என்பவரிடம் கொடுத்தோம். ஹார்ட் டிஸ்க்கை இமேஜ் எடுத்து, பென் டிரைவையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்பது நாள் தோண்டினார்.

"சாரி லா மிஸ்," என்றார் பத்தாம் நாள். "லெட்டர் இருந்த எடத்துமேல வேற எழுதியாச்சு. ஃபைல் பேர்ல பாதி மட்டும் ஒரு மூலைல கெடைச்சுது. தேதிகூட இல்ல. மத்ததெல்லாம் புள்ளைங்க ஓதுறதுதான்."

"பேக்கப்? வேற எங்கயாச்சும்?"

"அவரு வெச்சிருந்தாத்தானே இருக்கும்?"

சலேஹாவை வரச்சொல்லி நானே விஷயத்தைச் சொன்னேன். லேப்டாப்பை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் என்று அவர் முதலில் தன்னைத்தான் நொந்துகொண்டார். அம்பிகைபாகன் குறுக்கிட்டு, "நீங்க இல்லம்மா. தேவப்படாதுன்னு சொன்னது நான். அழிச்சதும் நான்," என்றார். சலேஹா அவர் பக்கம் திரும்பினார். "அதுமேல ஓதுறத எழுதியிருக்குன்னா நான் எப்படிண்ணே கொற சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அம்பிகைபாகன் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"கோப்போட தேதிய மாத்த முடியுமாமே மிஸ். இன்டர்நெட்ல போட்டிருக்கான்."

"அங்கிள்!"

"கேட்டுப் பாத்தேன். செய்ய மாட்டேன்." முகம் சுண்டிப் போயிருந்தது. "முப்பது வருஷத்துல இப்படி ஒரு வார்த்த என் வாயில வந்ததில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சாட்சிக் கூண்டில் அவர் நிமிர்ந்துதான் நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்த என்ன அவசியம்?

"இந்தக் கோப்பை உருவாக்கியவராகக் காட்டுவது யார் பெயரை?"

"என் பெயரை."

"தேதி?"

"ஏப்ரல் பதினாறு."

"இறந்து இருபத்து மூன்று நாள் கழித்து ஹக்கீம் கடிதம் எழுதினாரா?"

"இல்லை. எழுதியது முன்னால். நான் திருத்தி அடித்தேன்."

"வாக்கியங்கள் உங்களுடையவை?"

"வாக்கியங்கள் என்னுடையவை. விஷயம் அவருடையது."

"விஷயம் அவருடையது என்பதற்கு என்ன ஆதாரம்?"

"நான் படித்தேன்."

"உங்களைத் தவிர?"

அம்பிகைபாகன் என்னைப் பார்த்தார். நான் என் காகிதங்களைப் பார்த்தேன். "யாரும் இல்லை," என்றார்.

தீர்ப்பு நான்கு மாதம் கழித்து வந்தது. கடிதம் நம்பத்தக்கதல்ல. எச்சரிக்கை கொடுக்கப்பட்டதற்கு வேறு சான்று இல்லை. இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். சலேஹா எதை எழுத விடாதீர்கள் என்று கேட்டாரோ, அதை நீதிமன்ற முத்திரையோடு எழுதியாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு வழியிருக்கிறதா என்று எங்கள் அலுவலகத்தின் சீனியர் வழக்கறிஞரிடம் கேட்டேன். எதை வைத்து என்று கேட்டார்.

அம்பிகைபாகன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சீனியர் வாங்கவில்லை. இவரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசிவரை வந்தார். முன்பு போலவே எட்டு மணிக்கு முன்பே கதவைத் திறந்தார். கம்ப்யூட்டரை மட்டும் தொடுவதில்லை. எதையாவது திறக்க வேண்டுமென்றால், "மிஸ், நீங்களே தொறந்து பாத்துக்குங்க," என்பார். எனக்கு அது வலித்தது. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சொல்லவில்லை.

அவருடைய கடைசி வாரத்தில், ஒரு காலை நேரம், சலேஹா வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை. நேராக அவர் மேசைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கோர்ட்டுல அந்த லெட்டர படிச்சாங்கல்ல. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அது அவரு பேச்சே இல்ல."

"இல்லம்மா. அது என் பேச்சு."

"தீர்ப்பு போவட்டும். இனிமே அத பேசி என்ன ஆவப்போவுது? அவரு என்ன எழுதினாலும் எங்கிட்ட ஒரு தடவ வாசிச்சிக் காட்டுவாரு. அன்னிக்கு நான் அடுப்படில இருந்தேன், அப்பறம் கேக்குறேன்னுட்டேன். அந்த லெட்டர முழுசா படிச்சது இப்ப நீங்க ஒருத்தர்தான்." சலேஹா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவரு எப்படி எழுதியிருந்தாரு? அவரு எழுதின மாதிரியே சொல்லுங்களேன். புள்ளைங்ககிட்ட போயிச் சொல்லணும்."

எண்பதுகளில் நடந்த வழக்கின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. முதல் வரியைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் என் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். சலேஹா அவசரப்படுத்தவில்லை. கீழே தெருவில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"நான் அடிச்சதுதாம்மா ஞாபகம் வருது," என்றார்.