நூற்று நாற்பது என்று பொறித்த ஜெட்

காரனோடையில் பெரிய ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு பட்டறை இருந்தது. லாரியும் பம்ப்செட்டும்தான் சோறு போட்டன. ஆனால் அறுபதுகளின் கடைசியில் நான்கு வருஷம் என் பட்டறையில் ஒரு ரேஸ் காரும் நின்றது. பொன்னேரியில் ரைஸ் மில் வைத்திருந்த ஒரு முதலாளியின் கார். சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே வருஷாவருஷம் நடக்கும் பந்தயத்தில் அவரே அதை ஓட்டுவார். டீ குடிக்க இறங்கும் லாரி டிரைவர்கள் அந்தக் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் போகமாட்டார்கள். ஒருவர் சொன்னார், "மாட்டுக் கொட்டாயில யானை கட்டிக்கினு கீறியே நைனா." அந்தப் பேச்சை நான் ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த எஞ்சினில் ஒரு சூப்பர்சார்ஜர் பூட்டியிருந்தது. ப்ளோயர் என்போம். காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கு ஏற்றபடி கூட வேண்டும். கூடிப் போனால் கரும்புகை, வண்டிக்குச் சோம்பல். குறைந்து போனால்தான் ஆபத்து. முதலில் எஞ்சின் குஷியாக ஓடும், வேகம்கூட ஏறும். பிறகு உள்ளே சூடு பிடித்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். இதையெல்லாம் தீர்மானிப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் மெயின் ஜெட். சுண்டுவிரல் நகமளவு பித்தளைத் திருகு, நடுவில் ஒரு துளை. துளை எவ்வளவு பெரிசு என்பதை அதன் தலையில் நம்பராகப் பொறித்திருப்பார்கள்.

நான் யாரிடமும் தொழில் கற்றவன் இல்லை. காதால் கேட்டு செட்டிங் பண்ணுகிறவன். ப்ளோயர் போட்ட புதிதில் வேகம் எடுத்ததும் பெட்ரோல் போதாமல் எஞ்சின் இருமியது. லாரி சாமான்களில் தேடி இரண்டாவது பம்ப் ஒன்றும் தடித்த பைப்பும் போட்டு அந்த இருமலை நிறுத்தினேன். "நீ இல்லாங்காட்டி இது வெறும் தகரம் நைனா" என்று முதலாளி என் தோளில் தட்டினார். அந்தத் தட்டிலேயே மூன்று வருஷம் ஓட்டினேன்.

நாலாவது வருஷம், பந்தயத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது, அவர் ஜீப்பிலிருந்து இன்னொருவர் இறங்கினார். பழவேற்காட்டில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் பாய். என் வயசுதான். வெள்ளைச் சட்டை. நாள் முழுக்க எஞ்சினுக்குள் கையை விட்டிருந்தும் சாயங்காலம் அந்தச் சட்டையில் ஒரு சொட்டு கறை இல்லை.

அவர் வேலையே வேறு மாதிரி. முழு வேகத்தில் ஓடும்போது சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி உருண்டுவந்து நிற்கச் சொல்வார். உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கானின் நிறத்தைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் கூடுதல். "பால் கொஞ்சம் தூக்கலா வுட்ட டீ மாதிரி இருக்கணும்ணே" என்பார். என் மனைவி கொண்டுவந்த டீக்குப் பக்கத்திலேயே பிளக்கைப் பிடித்துக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். என்னிடம் வந்து, "இன்னா பதவிசாப் பேசுறாரு பாருங்க. கையும் எவ்ளோ சுத்தமா கீது" என்றாள். அன்று நான் இரண்டு தடவை சோப்பு போட்டுக் கை கழுவினேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை.

முதலாளி ஒரு ஏற்பாடு சொன்னார். ஒரு ஞாயிறு பாயின் செட்டிங், அடுத்த ஞாயிறு என் செட்டிங். ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர் ஓட்டுவார். யார் செட்டிங்கில் வண்டி சீக்கிரம் போகிறதோ, வண்டி இனி அவர் பொறுப்பு. "இதுல பேஜாரு ஒண்ணுமில்லையே?" என்று என்னைத்தான் கேட்டார். பாயைக் கேட்கவில்லை. எனக்கு அது குத்தியது.

பாயின் ஞாயிறு வந்தது. முதலாளி ஸ்டாப் வாட்சைக் காட்டினார். என் பழைய செட்டிங்கைவிட இரண்டு விநாடி குறைவு. நான் சிரித்தேன். வாய் மட்டும் சிரித்தது.

செட்டிங் பண்ணினவர் தன் ஜெட்டைக் கழற்றி எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஜெட் அவரவர் சொத்து. அடுத்தவர் டப்பாவைத் தொடக்கூடாது. பாயும் கழற்றி, துடைத்து, ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டு, அதை மட்கார்டு மேல் வைத்துவிட்டு மதியத் தொழுகைக்குத் தண்ணீர் தேடிப் போனார். முதலாளி ஜீப்பில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் டப்பாவைத் திறந்தேன்.

நூற்று நாற்பது என்று பொறித்திருந்தது.

என்னுடையது நூற்று நாற்பத்தைந்து. இவ்வளவுதானா சங்கதி என்று எனக்கு ஒரே ஆறுதல். பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து வேகம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் ஒரு படி இறங்கினால் நான் இரண்டு படி இறங்குகிறேன். வாரம் முழுக்க மெட்ராஸில் பழைய சாமான் கடை கடையாக அலைந்து நூற்று முப்பத்தைந்து ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

என் ஞாயிறன்று வண்டி புறப்பட்ட புறப்பாடு இருக்கிறதே, அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற பாய்கூட நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தானே அலைந்தேன். பாதித் தூரம் போனதும் ப்ளோயரின் அலறலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. தகரத்தில் கடுகு கொட்டுகிற மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரோல் போதவில்லை. கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். உள்ளே இருந்தவருக்கு என்ன தெரியும். மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டி நீலப் புகையோடு நின்றது.

முதலாளி ஹெல்மெட்டைக் கழற்றி, "இன்னா நைனா ஆச்சு?" என்றார்.

"பெட்ரோல்ல கலப்படம் மொதலாளி" என்றேன். வாயில் தயாராக இருந்தது.

பாய் பிளக்கைக் கழற்றினார். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்மேல் உப்புத்தூள் மாதிரி மினுமினுப்பு. உருகிய பிஸ்டனின் அலுமினியம். "எந்த ஜெட்டுண்ணே போட்டீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"நூத்தி முப்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சுல இருந்து ஏன் ஒரேடியா எறக்குனீங்க?"

"நீ மட்டும் நூத்தி நாப்பது போடலாமா?"

சொல்லிவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பாயின் சட்டைப் பையில் துருத்திய டப்பாவைப் பார்த்தார்.

பாய் டப்பாவைத் திறந்து ஒரு கம்பியை எடுத்தார். தன் ஜெட்டில் விட்டார், சரக்கென்று போனது. "உங்க பழைய நாப்பத்தஞ்ச குடுங்க" என்றார். கொடுத்தேன். அதே கம்பி அதில் நுழையவில்லை. "நாப்பதுதான் கெடச்சுதுண்ணே. ராவிப் பெருசு பண்ணிக்கினேன். நம்பரு பழசு, ஓட்டை புதுசு." என் செட்டிங்கே எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் பட்டினி போட்ட செட்டிங்காம், அவர் கூட்டித்தான் வேகம் வாங்கியிருக்கிறார்.

நான் எத்தனை ஜெட்டை ராவியிருக்கிறேன். சரியான அளவு கிடைக்காத காலம். கையில் இருப்பதைத்தான் எல்லோரும் பெரிதாக்கிக்கொள்வோம். பொறித்த நம்பரை நம்பாதே என்று அடுத்தவருக்குச் சொல்கிறவன் நான். அந்த ஒரு நிமிஷம், அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் டப்பாவைத் திறந்த நிமிஷம், அது ஞாபகத்துக்கு வரவில்லை.

முதலாளி திட்டவில்லை. "ஜீப்புல கயிறு கட்டு" என்றார் பாயிடம். என்னிடம், "நீ ஸ்டியரிங் புடிச்சுக்கோ" என்றார்.

முன்னால் ஜீப். அதில் முதலாளியும் பாயும். பின்னால் செத்த வண்டியில் நான். கயிறு தொய்யாமல் பிரேக்கை அளவாக மிதித்துக்கொண்டு வருவதுதான் என் வேலை. ஜீப்பின் பின்பக்கம் திறந்திருந்ததால் இரண்டு தலைகளும் நன்றாகத் தெரிந்தன. பாய் ஏதோ சொன்னார், முதலாளி சிரித்தார். என்ன சொல்லியிருப்பார் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். பிஸ்டன் போன வருத்தம்கூட அவ்வளவு இல்லை. மூன்று வருஷம் அந்த ஸீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் நான். என் பேச்சுக்கு அவர் இப்படித் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்ததில்லை.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் என் பட்டறை. வழக்கமான இடத்தில் கையைக் காட்டிவிட்டுத் திருப்பத் தயாரானேன். ஜீப் வேகத்தைக் குறைக்கவில்லை. பழவேற்காட்டுக்கு, பாயின் இடத்துக்குப் போகிற வண்டிக்கு காரனோடையில் என்ன வேலை. கதவண்டை நின்றிருந்த என் மனைவி கொண்டையை முடிந்தபடி பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நானும், என் கையில் இல்லாத அந்த வண்டியும், எங்கள் வாசலைத் தாண்டி இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.