மூன்று கால் புனிதரும் நான்கு மணித் திருப்பலியும்

ஒரு படம் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து ஹைதராபாத் போய் வந்தேன் என்றபோது என் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. உண்மையில் நான் போனது லூர்துவைப் பார்க்க. தூத்துக்குடிப் பக்கத்துக் குருமடத்தில் ஆறு வருடம் எங்கள் கட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவன் கத்தோலிக்கக் குருவானான். நான் இருபத்துமூன்று வயதில் வெளியே வந்து இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போனேன். எதிர்முனையில் யாருமே இல்லாத போனில் பேசுவதுபோல ஜெபம் ஆகிவிட்டது, அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் மட்டுமே. போன ஜனவரியில் திடீரென்று அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "இங்க ஒரு பிலிம் கிளப்ல சாமியார்களைக் கிழிச்சு ஒரு படம் போடுதான். வாலே, சேந்து பாப்போம்."

சனிக்கிழமை மாலை ரயில், மூன்றடுக்கு ஏசி, 1,150 ரூபாய். செகந்திராபாத்தில் இறங்கியபோது ஞாயிறு காலை 7.05. ஸ்டேஷனுக்கு வெளியே நடந்தால் மெட்ரோ. அமீர்பேட்டுக்கு 35 ரூபாய், கால் மணி நேரம். பயிற்சி மையங்களும் ஹாஸ்டல்களும் நிறைந்த இடம் என்பதால் அங்கே மலிவாக அறை கிடைக்கும். நான் 900 ரூபாய் கொடுத்தேன். வெந்நீர் வந்தது, ஜன்னல்தான் இல்லை.

திரையிடல் பேகம்பேட்டில், 10.45க்கு. அமீர்பேட்டிலிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாசலில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் நின்றான். தலை பாதி நரைத்து, வயிறு முன்னால் வந்திருந்தது. "என்னலே, கிழவனாயிட்ட?" என்ற பிறகுதான் அடையாளம் தெரிந்தது. காலையில் கோயிலில் இரண்டு திருப்பலிப் பூசை முடித்துவிட்டு வந்திருந்தான்.

படம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. பெயரை என்னால் சரியாக உச்சரிக்க முடியாததால் எழுதவில்லை. அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டு. ஒரே புனிதரின் வலது கால் எலும்பு ஒரு கோயிலில், இடது கால் மற்றொன்றில். பிஷப் வருகிறார் என்று ஒரு கோயில் சுவரைப் பூசப் போகும்போது உள்ளிருந்து மூன்றாவது கால் கிடைக்கிறது. தூக்கி எறியலாமென்றால், அதைத் தொட்ட நொண்டிக் கிழவி எழுந்து நடந்துவிடுகிறாள். மறைப்பதா, காட்டுவதா என்று அடிதடி. அதில் கோயில் மணி அடிப்பவர் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறார். படம் முடியும்போது கால்கள் நான்கு.

லூர்து இருமல் வரும்வரை சிரித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மொத்தம் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அவன் சிரிப்புதான் பெரிது. நான் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் போனேன். அந்தக் கிழவி மூன்றாவது காலுக்கு முன்னால் முழங்காலிட்ட இடத்தில் நான் திரையை விட்டுத் தரையைப் பார்த்தேன். பிறகு நடந்த கலந்துரையாடலில் ஒரு இளைஞர், மதமே மோசடி என்பதைப் படம் அழகாகச் சொல்கிறது என்றார். நான் தினமும் சொல்லக்கூடிய வாக்கியம்தான். அன்றைக்கு அது என்னைக் குத்தியது.

படியிறங்கும்போது கேட்டேன். "உனக்குக் கோபம் வரலையாலே?"

"எதுக்கு? எங்க சபையில இதவிடக் கூத்தெல்லாம் நடக்கும். நேரில வந்து பாரு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு ஏம்ல முகம் இப்படி இருக்கு?"

பசிக்குது என்றேன்.

பக்கத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஜீடிமெட்லாவுக்கு ஆட்டோ எடுத்தோம். சுமார் 11 கிலோமீட்டர், 260 ரூபாய். அங்கே மருந்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஞாயிறு நான்கு மணிக்கு லூர்து தமிழ்த் திருப்பலி வைக்கிறான். வழியில் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "கைக்கு இத்னா ஹஸ்ரே, சாப்?" என்று டிரைவர் ஏன் சிரிப்பு என்று கேட்க, லூர்து கதை முழுவதையும் அவர் பாஷையிலேயே சொன்னான். டிரைவரும் குலுங்கிச் சிரித்தார். சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டார்: "தீஸ்ரா பாவ் கிஸ்கா தா, சாப்?"

அந்த மூன்றாவது கால் யாருடையது? படத்தில் யாரும் கேட்கவில்லை. லூர்துவின் சிரிப்பு நின்றது. "யாரோ ஒரு பாவப்பட்டவன்" என்று தமிழில் என்னிடம் சொன்னான். "செத்த பிறகு ஒரு கிழவியை நடக்க வச்சிருக்கான் பாரு."

திருப்பலி ஒரு பள்ளிக்கூட ஹாலில். "பாடுதியா?" என்றான். முடியாது என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா மகளிடம் "முட்டி போடு" என்று தமிழில் அதட்ட, அவள் "மம்மி, ஆகு" என்று தெலுங்கில் பொறுக்கச் சொன்னாள். பாட்டு தொடங்கியது. கீபோர்டு சுருதி சேரவில்லை. இரண்டாவது சரணத்தில்தான் நானும் பாடுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் போனார்கள். நான் எழவில்லை. வரிசை முடிந்ததும் லூர்து பீடத்துக்குத் திரும்பாமல் நடுவழியே கடைசிவரை நடந்து வந்தான். இன்னும் முதல் நற்கருணை வாங்காத சிறு பிள்ளைகளுக்குச் செய்வதுபோல என் தலையில் கை வைத்தான். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னான் என்று அப்போதும் கேட்கவில்லை, பிறகு ஆட்டோ ஏற்றிவிடும்போதும் கேட்கவில்லை. கை கனமாக, சூடாக இருந்தது. எடுத்த பிறகும் நான் குனிந்தபடியே இருந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜீடிமெட்லாவிலிருந்து செகந்திராபாத் சுமார் 13 கிலோமீட்டர், 6.20 ரயிலுக்கு நான் 5.10க்குக் கிளம்பினேன், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தேன். பிலிம் கிளப்பில் நுழைவு இலவசம், ஆனால் சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான். இந்த மாதிரிப் படத்துக்கு நம்பிக்கையுள்ள ஒருவரோடு போங்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரிகிறது. அந்தப் பக்கம் தங்கியிருந்து ஞாயிறு மாலை தமிழ் கேட்க வேண்டும்போல இருந்தால் நான்கு மணித் திருப்பலிக்கு யாரும் போகலாம். என்ன, ஏது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. கடைசி வரிசையில் நிறைய இடம் இருக்கிறது.